பூக்காரம்மாவை எங்கே வரைவாய்?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பூங்கா வரைபடத்தை நேற்று மாலை முழுக்கப் பார்த்தேன். கோடுகள் சுத்தம். சுற்றிலும் எட்டடி மதில், ஒரே வாசல், மூலைக்கு மூலை கேமரா, யாரும் படுத்துவிடாதபடி பெஞ்சுகளின் நடுவே இரும்புத் தடுப்பு. ஓரத்தில் ‘பாதுகாப்புக்காக’ என்று எழுதியிருக்கிறாய். யாருடைய பாதுகாப்பு என்றும் எழுதியிருக்கலாம்.

தெருவைக் காப்பது அங்கே இருப்பவர்களின் கண்கள்தான் என்று நகரவியல் எழுத்தாளர் ஜேன் ஜேகப்ஸ் 1961-லேயே எழுதிவிட்டார். நம்மூரில் அந்தக் கண்கள் டீக்கடைக்காரருடையவை, இஸ்திரி வண்டிக்காரருடையவை, பூக்காரம்மாவுடையவை. கடைசி பஸ்ஸில் இறங்கும் பெண் கேமராவை நம்பி நடப்பதில்லை. பூக்காரம்மா இன்னும் கூடையை எடுக்கவில்லை என்று பார்த்துத்தான் நடக்கிறாள். கேமரா நடந்ததைப் பதிவு செய்யும். பூக்காரம்மா, நடக்கும் முன்பே ‘யாருப்பா அது?’ என்று குரல் கொடுப்பார். தெரு வியாபாரிகளுக்கென்று 2014-இல் சட்டமே வந்துவிட்டது. உன் வரைபடத்தில் மட்டும் பூக்காரம்மா இன்னும் ‘ஆக்கிரமிப்பு’.

நானும் இந்தத் தவறைச் செய்தவன்தான். ஒரு குளக்கரையை அழகுபடுத்தியபோது வண்டிக்கடைகளை எடுக்கச் சொன்னேன். ஆறே மாதத்தில், மாலையில் நடக்க வந்த பெண்களும் நின்றுவிட்டார்கள்.

பெண்களின் அச்சத்தைக் காட்டி ஏழைகளை விரட்டுவது பழைய தந்திரம். மும்பையை வைத்து ஷில்பா பட்கேயும் இரு தோழிகளும் 2011-இல் எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’ நூலைப் படி. காரணமே சொல்லாமல் ஓர் இடத்தில் சும்மா நிற்கும் உரிமை பெண்ணுக்கு வேண்டுமென்றால், அது எல்லோருக்கும் வேண்டும் என்கிறார்கள்.

யாரையும் விரட்டாமலும் பெண்களுக்கு இடம் தரலாம். வியன்னாவில் ஒன்பது வயதைத் தாண்டிய சிறுமிகள் பூங்காவுக்கு வருவது குறைந்துபோனதைக் கவனித்தார்கள். இருந்த ஒரே திடலைப் பையன்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1999-இல் இரண்டு பூங்காக்களில் திடலைச் சிறு சிறு இடங்களாகப் பிரித்து, பாதைகளை அதிகமாக்கினார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள், பையன்களும் இருந்தார்கள்.

எனவே, திருத்துமுன் ஒரு வாரம் இரவு எட்டு மணிக்கு அங்கே போய் உட்கார். யார் வருகிறார்கள் என்று எல்லோரும் எண்ணுவார்கள். நீ வராதவர்களை எண்ணு. கடைசி நாள் வரைபடத்தைப் பூக்காரம்மாவிடம் விரித்துக் காட்டு. கழிப்பறை எங்கே என்றுதான் முதலில் கேட்பார். அதை உன் வரைபடத்தில் நானும் தேடினேன்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்