கோல் காவலர்

விளையாட்டு உடலுக்கு உரமும் உள்ளத்திற்கு ஊக்கமும் அளிப்பது. தனியொருவர் ஆடும் ஆட்டத்தில் வெற்றியும் தோல்வியும் அவர் ஒருவரையே சாரும். பலர் கூடி ஆடும் ஆட்டத்திலோ, ஒவ்வொருவரும் தத்தமக்கு உரிய இடத்தில் நின்று தம் கடமையை ஆற்றுதல் வேண்டும். அவ்விடங்களுள் மிகக் கடினமானது, இலக்கைக் காத்து நிற்பவரின் இடமாகும். முன்னின்று ஆடுவோர் பத்து முறை தவறினும், ஒருமுறை கோல் போட்டுவிட்டால் பாராட்டுப் பெறுவர். இலக்கைக் காப்பவரோ பத்து முறை தடுத்தாலும், ஒருமுறை தவறிவிட்டால் அத்தவறே பலகையில் எண்ணாக ஏறி நிற்கும். இத்தகைய இடத்தில் விரும்பிச் சென்று நிற்பதற்குத் தனி உள்ளம் வேண்டும். அவ்வுள்ளம் எத்தகையது என்பதைப் பனித்தள ஹாக்கியின் வரலாற்றில் காணலாம்.

வட அமெரிக்காவின் வடபகுதியில் அமைந்த நாடு கனடா. அங்குக் குளிர்காலம் நீண்டது, கடுமையானது. குளங்களும் ஏரிகளும் உறைந்து, கண்ணாடிபோல் ஆகிவிடும். சிறுவர்கள் அடியில் எஃகு அலகு பொருத்திய காலணிகளை அணிந்து, அப்பனிப்பரப்பின்மீது வழுக்கி ஓடி விளையாடுவர். அந்நாட்டு மக்கள் உயிரென மதிக்கும் ஆட்டம் பனித்தள ஹாக்கியே. நம் நாட்டில் புல்வெளியில் ஆடும் ஹாக்கியில் அணிக்குப் பதினொருவர் உண்டு. பனித்தள ஹாக்கியில் களத்தில் நிற்போர் அணிக்கு அறுவர் மட்டுமே. பந்துக்கு மாறாக, கெட்டியான ரப்பரால் ஆன வட்டு ஒன்றை வைத்து ஆடுவர். அதன் கனம் ஓர் அங்குலம். குறுக்களவு மூன்று அங்குலம். எடை ஏறத்தாழ 170 கிராம். ஆட்டம் இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடைபெறும்.

களத்தின் இரு புறத்திலும் ஆறடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள இலக்கு வாயில்கள் உண்டு. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு காவலர் நிற்பார். தேர்ந்த ஆட்டக்காரர் அடிக்கும் வட்டு, மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் பாய்ந்து வரும். அதைக் கண்டு விலகுவது மனித இயல்பு. காவலரோ விலகாமல் அதன் வழியிலேயே தம் உடலைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். கால்களில் தடித்த மெத்தைக் காப்பும், ஒரு கையில் வட்டைப் பிடிக்கும் உறையும், மறு கையில் அகன்ற மட்டையும் அவருக்கு உண்டு. வட்டு வரும் திசை நோக்கிச் சற்று முன்னே நகர்ந்தால், அடிப்பவரின் கண்ணுக்கு வாயில் சுருங்கித் தோன்றும். முழந்தாளிட்டு இரு கால்களையும் பக்கவாட்டில் விரித்தால், வாயிலின் அடிப்பகுதி மறைந்துவிடும். தடுத்த வட்டு மீண்டும் எதிரியின் மட்டைக்கே போய்ச் சேராதபடி ஒதுக்கிவிடுதலும் அவர் கடமையே.

மற்ற ஆட்டக்காரர்கள் ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்கு ஒருமுறை மாறி மாறி வெளியே சென்று இளைப்பாறுவர். காவலருக்கு அவ்வாய்ப்பு இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை அவர் தம் வாயிலிலேயே நிற்றல் வேண்டும். பல நிமிடங்கள் வட்டு அவரிடம் வாராமலே இருக்கும். பிறகு கண்ணிமைக்கும் பொழுதில் மூன்று முறை வரும். காத்திருத்தலும் விழித்திருத்தலுமே அவருடைய தொழில்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் இவ்வாட்டத்தைப் பிழைப்பாகக் கொண்டோர் சிலரே. பொழுதுபோக்காக ஆடுவோர் மிகப் பலர். ஆசிரியர், எழுத்தர், தச்சர், வண்டி ஓட்டுநர் எனப் பல தொழிலினரும் பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் பனித்தளத்தில் கூடுவர். இலையுதிர் காலத்தில் தொடங்கும் அவர்களுடைய ஆட்டப் பருவம் வசந்தம் வரை நீளும். பருவம் முழுவதும் எல்லா அணிகளும் முறையாக மோதும். இறுதியில் முன்னணி பெற்ற அணிகள் கோப்பைக்காக வெளியேற்றப் போட்டிகளில் இறங்கும். பொருளும் புகழும் அங்குக் கிடைப்பதில்லை. எனினும், அவ்விறுதிப் போட்டிகள் நெருங்கும்போது அவர்தம் உள்ளம் படும் பாடு பெருவீரர்களின் பாட்டிற்குச் சற்றும் குறைந்ததன்று. இத்தகைய அணிகளில் எளிதில் கிடைக்காதவர் கோல் காவலரே. ஆகவே, ஓர் அணியின் காவலர் வரவில்லையெனில், வேறோர் அணியின் காவலரை வேண்டி அழைத்து வருதலும் உண்டு. அழைத்தால் வந்து நிற்பவர் என்பதே அவருக்குப் பெருமை.

இவ்வாறு அழைப்பை ஏற்று நின்றவர் இருவர், ஹாக்கி உலகில் நிலைத்த பெயர் பெற்றனர். அவர்களுள் முதல்வர் லெஸ்டர் பாட்ரிக் என்பவர்.

1928ஆம் ஆண்டு ஸ்டான்லி கோப்பைக்கான இறுதிப் போட்டித் தொடரில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியும் மாண்ட்ரியல் மரூன்ஸ் அணியும் மோதின. ரேஞ்சர்ஸ் அணி அமைந்து அப்பொழுது இரண்டு பருவங்களே ஆகியிருந்தன. முதல் ஆட்டத்தில் அது தோற்றது. இரண்டாம் ஆட்டம் ஏப்ரல் 7ஆம் நாள் மாண்ட்ரியல் நகரில் நடைபெற்றது. ஆட்டத்தின் இரண்டாம் பகுதியில், மரூன்ஸ் வீரர் நெல்ஸ் ஸ்டுவர்ட் அடித்த வட்டு, ரேஞ்சர்ஸ் காவலர் லார்ன் ஷாபோவின் கண்ணைத் தாக்கியது. அக்காலத்தில் காவலர்கள் முகக்காப்பு அணிவதில்லை. 1959ஆம் ஆண்டில், வட்டு தாக்கி முகம் கிழிந்த ஜாக் பிளாண்ட் என்ற காவலர், காப்பின்றி இனி ஆடேன் என்று உறுதியாய் நின்றபின்னரே அவ்வழக்கம் பரவலாயிற்று. ஷாபோவால் தொடர்ந்து ஆட இயலவில்லை. மாற்றுக் காவலரை உடன் வைத்திருக்கும் வழக்கமும் அந்நாளில் இல்லை.

ஆட்டத்தைக் காண வந்தோருள் ஆட்டவா அணியின் சிறந்த காவலரான அலெக் கானெல் இருந்தார். அவரை நிறுத்திக்கொள்ள ரேஞ்சர்ஸ் அணியினர் விரும்பினர். அதற்கு எதிரணித் தலைமையின் இசைவு வேண்டும். இசைவு கிடைக்கவில்லை. அப்பொழுது ரேஞ்சர்ஸ் அணியின் மேலாளரும் பயிற்சியாளருமான பாட்ரிக் தாமே காவலரின் காப்புகளை அணிந்துகொண்டு களத்தில் இறங்கினார். அவருக்கு வயது 44. இளமையில் புகழ்பெற்ற ஆட்டக்காரரே ஆயினும், அவர் ஆடியது தற்காப்பு வரிசையில்; கோல் காத்தல் அவருடைய தொழிலன்று. ஆடுமாறு பிறரை ஏவி நின்றவர், இடர் வந்த வேளையில் பிறரை ஏவாமல் தாமே முன்வந்து நின்றார்.

தம் தலைவர் வாயிலில் நிற்பதைக் கண்ட வீரர்கள் இருமடங்கு முனைந்தனர். எதிரிகளை வாயில் அருகே நெருங்கவிடாது மறித்தனர். மூன்றாம் பகுதியில் ரேஞ்சர்ஸ் வீரர் பில் குக் ஒரு கோல் போட்டார். பின்னர் ஸ்டுவர்ட் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். தவறியது அந்த ஒன்றே. ஆட்டம் கூடுதல் நேரத்திற்குச் சென்றது. இனி எவர் முதலில் கோல் போடுகிறாரோ அவருக்கே வெற்றி என்னும் நிலை. நரைத்த தலையுடன் பாட்ரிக் அசையாது நின்றார். கூடுதல் நேரத்தின் எட்டாம் நிமிடத்தில் பிராங்க் பூஷே வெற்றிக் கோலைப் போட்டார். தம்மை நோக்கி வந்த 19 அடிகளுள் 18ஐப் பாட்ரிக் தடுத்திருந்தார். அடுத்த ஆட்டங்களுக்கு வேறொரு காவலர் கிடைத்தார். மூன்று ஆட்டங்களில் வென்று, அத்தொடரின் இறுதியில் ரேஞ்சர்ஸ் அணி கோப்பையைப் பெற்றது.

காலம் மாறியது. ஒவ்வோர் அணியும் இரு காவலர்களை உடன் கொண்டுவரும் முறை ஏற்பட்டது. இருவரும் காயமுற்றால் என் செய்வது? அதற்கும் பின்னர் ஒரு வழி வகுத்தனர். ஆட்டம் நடைபெறும் ஊரிலேயே பொழுதுபோக்காகக் கோல் காக்கும் ஒருவரை ஏற்பாடு செய்து, அரங்கில் அமர்த்தி வைத்தனர். உள்ளூர் அணியாயினும் வெளியூர் அணியாயினும், எதற்குத் தேவையோ அதற்காக அவர் ஆடுதல் வேண்டும். 1928இல் எதிரணியின் இசைவை நாடி நின்ற நிலைமை மாறி, இடருற்ற அணிக்கு உதவி நல்குதல் விதியாகவே ஆயிற்று. ஆயினும், அவ்வாறு அமர்ந்திருப்போருக்கு ஆடும் வாய்ப்பு மிக அரிதாகவே கிட்டியது. பருவம் முழுவதும் வெறும் பார்வையாளராய் இருந்து வீடு திரும்புவதே வழக்கம்.

டொராண்டோ நகரில் அவ்வாறு அமர்ந்திருந்தவர் டேவிட் அயர்ஸ். பனித்தளங்களைப் பேணும் பணியே அவருடைய பிழைப்பு. ஆட்டத்தால் கீறுண்ட பனிப்பரப்பைச் செப்பனிடும் வண்டியை ஓட்டியவர் அவர். சிறுநீரகம் பழுதுற்று, 2004ஆம் ஆண்டில் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அதனை ஈந்தவர் அவரைப் பெற்ற அன்னையே. மீண்டும் ஆட இயலுமோ என்று ஒரு காலத்தில் அவர் ஐயுற்றதும் உண்டு. எனினும், உடல் தேறியபின் பனித்தளத்திற்குத் திரும்பினார். டொராண்டோ மேப்பிள் லீப்ஸ் அணியினர் பயிற்சி செய்யும்போது, வாயிலில் நின்று அவர்களுடைய அடிகளைத் தடுத்துப் பயிற்சிக்கு உதவிவந்தார்.

2020ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், லீப்ஸ் அணி கரோலினா ஹரிக்கேன்ஸ் அணியை டொராண்டோவில் எதிர்கொண்டது. முதற்பகுதியில் கரோலினாவின் காவலர் ரைமர் காயமுற்றார். இரண்டாம் பகுதியில் மாற்றுக் காவலர் மிராசெக்கும் மோதுண்டு வீழ்ந்தார். அயர்ஸ் அழைக்கப்பட்டார். அவருக்கு வயது 42. பல்லாயிரவர் கூடிய அரங்கில், தாம் பயிற்சிக்கு உதவிவந்த அணியையே எதிர்த்து, தாம் அறியாத அணிக்காக அவர் நிற்க வேண்டியிருந்தது. மேலே கரோலினாவின் சட்டை. முகக்காப்பும் கால்காப்பும் டொராண்டோவின் நீலமும் வெண்மையும் கொண்டவை. உடையில் இரு நிறம் இருப்பினும் உள்ளத்தில் இரண்டில்லை. அழைத்த அணிக்கு உண்மையாய் நிற்பதே கடமை என்று அவர் களம் புகுந்தார்.

அவர் புகுந்தபோது கரோலினா 3க்கு 1 என முன்னணியில் இருந்தது. விரைவில் 4க்கு 1 ஆயிற்று. பின்னரே சோதனை வந்தது. அயர்ஸை நோக்கி வந்த முதல் அடி கோலாயிற்று. இரண்டாம் அடியும் கோலாயிற்று. நிலைமை 4க்கு 3. வேறெவராயினும் மனம் உடைந்திருப்பர். இடைவேளையில் கரோலினா வீரர்கள் அவரைக் கடிந்து கொள்ளவில்லை. எத்தனை கோல் விழுந்தாலும் கவலையின்றி, மகிழ்ந்து ஆடுமாறு ஊக்கினர். அத்துடன் நில்லாது, மூன்றாம் பகுதியில் எதிரிகள் அடிப்பதற்கு இடமே கொடாமல் அரண்போல் வளைத்து நின்றனர்; மேலும் இரு கோல்களும் போட்டனர். அவ்வரணையும் மீறி வந்த வட்டுகளை அயர்ஸ் ஒன்றும் விடாது தடுத்தார். மொத்தம் பத்து அடிகள், முதலிரண்டும் தவறின, எஞ்சிய எட்டும் அவரைக் கடக்கவில்லை. கரோலினா 6க்கு 3 என வென்றது.

வென்ற அணியினர் ஓய்வறையில் அவர்மீது நீரை வாரி இறைத்து ஆர்ப்பரித்தனர். அன்றைய ஆட்டத்தின் முதல் வீரராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் பிடித்த மட்டை, ஹாக்கிப் பெருமக்களின் நினைவுக்கூடத்தில் வைக்கப்பட்டது. அவர் பெயரால் விற்கப்பட்ட சட்டைகளின் வருவாயில் ஒரு பகுதி சிறுநீரக நோயாளர்க்கு உதவும் அறநிறுவனத்திற்கு அளிக்கப்பட்டது. ஈன்ற தாய் அளித்த கொடையால் வாழ்ந்தவர், தம் ஆட்டத்தால் பிறருக்கும் அக்கொடையின் அருமையை உணர்த்தினார்.

இவ்விருவரும் தவறாமையால் பெருமை பெற்றவர் அல்லர். இருவர் வாயிலிலும் வட்டு புகுந்தது. தவறிய வட்டைத் திரும்பப் பெற இயலாது. வரவிருக்கும் வட்டையே தடுக்க இயலும். இதனை அறிந்தவரே நல்ல காவலர். ஒருவர் தமக்குப் பழக்கமில்லாத இடத்திலும் துணிந்து நிற்கும்போது, உடனிருப்போர் அவருடைய குறையை எண்ணிப் பாராது அவரைச் சூழ்ந்து காத்தனர். வாயிலைக் காத்தவர் ஒருவர். அவரைக் காத்தவர் பலர். நிற்பவரின் துணிவும் உடனிருப்போரின் அன்பும் கூடிய இடத்தில் வெற்றி விளைந்தது.

பருவந்தோறும் பெயர் அறியப்படாத காவலர் பலர், பகல் உழைப்பு முடிந்த இரவுகளில் தத்தம் வாயிலைக் காத்து நிற்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோருக்குப் பேரரங்கின் அழைப்பு ஒருநாளும் வாராது. வாராவிடினும், அழைக்கப்பட்டால் நிற்பதற்குத் தம்மை ஆயத்தமாக வைத்திருக்கின்றனரே, அதுவே அவர்தம் சிறப்பு. வாய்ப்பு எந்நாளில் வரும் என்பது எவர் கையிலும் இல்லை. வரும் நாளில் ஆயத்தமாய் இருத்தல் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது.