செவிக்கேற்ற கருவி

தமிழகத்தை விட்டு நெடுந்தொலைவு வந்து பயிலும் நமக்கு ஒரு விந்தையான வசதி உண்டு. வகுப்பில் பேராசிரியர் சொல்வது விளங்காவிடில், "அவர் உச்சரிப்பு நமக்குப் புதிது, இடையிடையே இந்தியும் கலந்து பேசுகிறார்" என்று கூறி அமைதி கொள்ளலாம். பெரும்பாலும் அது உண்மையே. ஆயினும், உணவுக்கூடத்தில் எதிரே அமர்ந்த தமிழ் நண்பர் தமிழிலேயே பேசும்போதும் "என்ன, என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்க நேர்ந்தால், குறை மொழியில் இல்லை, செவியில் இருக்கிறது என்று ஐயுறுதல் வேண்டும்.

செவியைச் சோதித்து, குறையுண்டென அறிந்து, பொருள் செலவிட்டுக் கருவி வாங்கிய பின்னரும் ஒரு தடை குறுக்கே நிற்கிறது. "போட்டால் வலிக்கிறது" என்னும் ஒரே சொல்லோடு அக்கருவி மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. செவிக்குழாய் சிறியதாகவும் தொட்டால் பொறுக்காததாகவும் வாய்த்தவர்க்கு இத்தடை மிகுதி. இதை எழுதும் எனக்கும் அத்தகைய செவியே வாய்த்திருக்கிறது. வலி என்பது கருவியைத் துறப்பதற்குக் காரணம் அன்று. எதை மாற்ற வேண்டும் என்று காட்டும் குறிப்பே என்பதை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம்.

குழாயின் அமைப்பு

வளர்ந்தவரின் செவிக்குழாய் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளமும் 7 மில்லிமீட்டர் அகலமும் உடையது. சிலருக்கு அகலம் இதனினும் மிகக் குறைவு. அது நேரான குழாயும் அன்று. இரண்டு இடங்களில் வளைந்து செல்வது. வெளிப்புறத்து மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பால் ஆனது. எஞ்சிய உட்பகுதி எலும்பால் ஆனது. வெளிப்பகுதியின் தோல் சற்றுத் தடித்தது. மயிரும் குறும்பி சுரக்கும் சுரப்பிகளும் அங்கேதான் உள்ளன. உட்பகுதியின் தோலோ மிக மெல்லியது; எலும்பின் மேல் மெத்தை ஏதுமின்றிப் படிந்திருப்பது. ஆதலின் அங்கே சிறு பொருள் பட்டாலும் நோகும். சிலருக்குக் காதைத் தொட்டவுடன் இருமலும் வரும். தொண்டைக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் கிளை ஒன்று செவிக்குழாய்க்கும் வருவதே அதன் காரணம்.

இன்னொன்றும் நினைவில் இருத்தத்தக்கது. சுண்டுவிரல் நுனியைக் காதின் வாயிலில் மெல்ல வைத்து, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். குழாயின் சுவர் அசைவதை உணர்வீர்கள். தாடை மூட்டு அதன் அருகே இருப்பதால், உண்ணும்போதும் பேசும்போதும் குழாயின் வடிவம் மாறிக்கொண்டே இருக்கிறது. அசையாத கருவியை அசையும் குழாயில் பொருத்துகிறோம் என்பதை மறத்தலாகாது.

சிறிய காதுக்குச் சிறிய கருவியா?

மக்கள் "காது மிஷின்" என்று வழங்கும் இக்கருவியை வாங்கச் சென்றபோது, கடை ஒன்றில் எனக்கு முதலில் காட்டப்பட்டது "கண்ணுக்கே தெரியாத" வகைதான். சிறிய காதுக்குச் சிறிய கருவி என்பது கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் அவ்வகையில் மைக்ரோபோன், ஒலிபெருக்கிச் சில்லு, பேட்டரி, ஒலி தரும் ரிசீவர் ஆகிய அனைத்தும் குழாய்க்குள்ளேயே அடங்க வேண்டும். குறுகிய குழாயில் அவை அடங்கா. அடங்கினாலும் சுவரோடு சுவராக அடைத்துக்கொள்ளும். காற்றுப் போக ஒரு துளையிடவும் இடம் இராது.

இத்தகைய செவிக்கு நேர்மாறான வழியே ஏற்றது. கருவியைக் காதின் பின்னே அமர்த்தி, ஒலியை மட்டும் உள்ளே அனுப்புதல் வேண்டும். இதில் இரு வகை உண்டு. ஒன்றில், ரிசீவர் மட்டும் கம்பி வழியே குழாய்க்குள் செல்லும். மற்றொன்றில், ரிசீவரும் பின்னேயே தங்கிவிட, மெல்லிய குழல் மட்டும் உள்ளே செல்லும். மிகக் குறுகிய குழாய்க்கு இரண்டாவதே நன்று. ரிசீவருக்கும் ஒரு பருமன் உண்டன்றோ? கேள்விக் குறை கடுமையாயின், காதின் வடிவத்திற்கே வார்த்த செவி அச்சு தேவைப்படும்.

நான்கு சொற்கள்

இனி, "வலிக்கிறது" என்னும் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். தமிழில் நமக்கு நான்கு சொற்கள் உண்டு: உறுத்துகிறது, அடைக்கிறது, அதிர்கிறது, அரிக்கிறது. நான்கும் வேறு, நான்கின் காரணங்களும் வேறு.

1. உறுத்துகிறது. ஓரிடத்தில் அழுத்தமும் சிவப்பும் காணும். குழலின் நுனியில் மாட்டும் "டோம்" என்னும் சிறு சிலிக்கோன் குடை பெரிதாக இருக்கலாம். குழலின் நீளம் பொருந்தாமல் இருக்கலாம். அல்லது செவி அச்சில் ஓரிடம் புடைத்திருக்கலாம். டோமைச் சிறிதாக மாற்றலாம். அச்சைச் சிறிது தேய்த்து வழவழப்பாக்கலாம். வேண்டுமாயின் புதிதாக அச்செடுக்கலாம். அளவுக்கு மீறிச் சிறிய டோமும் தீங்கே. அது நிலையாக நில்லாமல் உராயும். ஒலி வெளியே கசிந்து மீண்டும் மைக்ரோபோனில் புகுவதால் சீழ்க்கையும் அடிக்கும்.

2. அடைக்கிறது. தன் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் ஒலிக்கும். இரு காதுகளையும் விரலால் பொத்திக்கொண்டு "ம்" என்று முனகினால் இது விளங்கும். நம் குரல் எலும்பின் வழியே குழாயின் சுவரை அதிர்விக்கிறது. அவ்வொலி திறந்த காதின் வழியே வெளியேறிவிடும். காதை அடைத்தால் அது உள்ளேயே தங்கி, 500 ஹெர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகளில் 20 டெசிபெல் அளவுக்கும் உயரக்கூடும். துளைகள் உள்ள டோம், அல்லது அச்சில் ஒரு காற்றுத்துளை இதற்கு மருந்து. தாழ்ந்த ஒலிகள் நன்கு கேட்டு, உயர்ந்த ஒலிகள் மட்டும் குறைந்தவர்க்கு இம்முறை மிகப் பொருந்தும்.

இயற்பியல் மாணவர் இங்கு ஒரு கணக்கும் போடலாம். ஒரு முனை மூடிய 25 மில்லிமீட்டர்க் குழாயில் ஒத்ததிர்வுக்குரிய அலைநீளம் நான்கு மடங்கு, அதாவது 100 மில்லிமீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் எனக் கொண்டால், அதிர்வெண் 3400 ஹெர்ட்ஸ். உயிருள்ள செவியில் இது சற்றுத் தாழ்ந்து, 3000 ஹெர்ட்சை ஒட்டி அமைகிறது. மெய்யொலிகளைத் தெளிவாகக் கேட்க இப்பகுதி இன்றியமையாதது. காதை முற்றிலும் அடைத்தால் இயற்கை தந்த இவ்வுதவியை இழக்கிறோம். கருவி அதையும் ஈடு செய்ய வேண்டியதாகிறது.

3. அதிர்கிறது. தட்டு விழும் ஓசையும் நாற்காலி இழுக்கும் ஓசையும் தலைக்குள் அடிப்பதுபோல் இருக்கும். சிறிய செவியினர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். கருவிக்கும் செவிப்பறைக்கும் இடையே அடைபட்ட காற்றின் கன அளவு குறைந்தால், அதே ரிசீவர் தரும் அழுத்தம் மிகும். கன அளவு பாதியாயின் அழுத்தம் இரு மடங்கு. அஃதாவது 6 டெசிபெல் கூடுதல். சராசரிக் காதுக்கென வகுத்த கணக்கை அப்படியே சிறிய காதுக்குப் பயன்படுத்தினால், வேண்டியதற்கு மேல் ஒலி பாயும். மயிரிழை போன்ற மெல்லிய குழல் ஒன்றைச் செவிப்பறையின் அருகே வைத்து, உள்ளே எழும் ஒலியை நேரடியாக அளக்கும் முறை உண்டு. இதனை "ரியல் இயர்" அளவீடு என்பர். சிறிய செவியுடையார் இதைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

4. அரிக்கிறது. வியர்வையும் ஈரமும் தங்கினால் காளான் தொற்று ஏற்படலாம். குளித்த ஈரம் உலருமுன் கருவியை மாட்டலாகாது. இரவில் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் இட்ட பெட்டியில் வைக்க வேண்டும். எண்ணெய்க் குளியலன்று காதில் எண்ணெய் விடும் நம் வீட்டு வழக்கத்தையும், கொண்டை ஊசியால் காது குடையும் வழக்கத்தையும் அறவே விட்டுவிடுதல் நலம். அச்சு வார்த்த அக்ரிலிக் ஒவ்வாமல் அரிப்பவரும் உண்டு. அவர்க்கு வேறு பொருளில் வார்க்கலாம். சீழோ குருதியோ கண்டால், கருவியை நிறுத்திவிட்டுக் காது மருத்துவரிடமே முதலில் செல்ல வேண்டும்.

பிறவியிலேயே குழாய் அடைபட்டவர்க்கும், சீழ் நில்லாதவர்க்கும்கூட வழி இல்லாமல் இல்லை. உட்செவி நன்றாக இருப்பின், எலும்பின் வழியே ஒலியைச் செலுத்தலாம். எலும்பில் டைட்டேனியத் திருகு பதித்து அதில் கருவி பொருத்தும் முறையை 1977இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் தொடங்கினர். அறுவை வேண்டாதார்க்குத் தலைப்பட்டையில் கட்டும் வகையும் உண்டு. நம் நாட்டில், மைசூரில் 1965இல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு செவி நிறுவனம் செவியியல் வல்லுநர்களைப் பயிற்றுவித்து வருகிறது.

பழகுதலும் பொறுத்தலும்

"போகப் போகப் பழகிவிடும்" என்று பலரும் கூறுவர். இதில் பாதியே உண்மை. நெடுநாள் கேளாதிருந்த ஒலிகள் மீண்டும் கேட்கும்போது மூளைக்குச் சில வாரம் பழக்கம் வேண்டும். அதனால் முதலில் அமைதியான அறையில் சில மணி நேரம் அணிந்து, படிப்படியாக வகுப்புக்கும் உணவுக்கூடத்துக்கும் போகலாம். ஆனால் உறுத்தலும் புண்ணும் பழக்கத்தால் தீர்வன அல்ல. ஒலிக்குப் பழகலாம், புண்ணுக்குப் பழகலாகாது.

விலை கொடுக்குமுன் சில நாள் அணிந்து பார்க்கக் கேளுங்கள். ஒரு குறிப்பேட்டில் எந்த நேரத்தில், எந்த இடத்தில், நான்கில் எந்த இன்னல் என்று எழுதி வையுங்கள்.

அயலூர் மருத்துவமனையில் நமக்கு வரும் பெரிய இடர் யாதெனில், இந்தியில் நாம் அறிந்தது "தர்த்" என்னும் ஒரு சொல்லே. நம் நான்கு சொற்களும் அங்கே ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றன. வல்லுநர் தேய்க்க வேண்டியது எது, துளையிட வேண்டியது எது, ஒலி குறைக்க வேண்டியது எது என்று அறியாமல் நிற்கிறார். ஆதலின், விடுதியில் எவருடைய இழுப்பறையிலேனும் ஒரு கருவி உறங்கிக் கிடப்பதாக அறிந்தால், மொழி நன்கறிந்த சங்கத்து அன்பர் ஒருவர் அவருடன் ஒரு முறை சென்று வருவாராக. அரைநாள் செலவாகும். அவருக்கோ, அடுத்த பருவத்துப் பாடம் முழுவதும் காதில் விழும்.