இரு ஆனைக்கரைகளும் ஒரு கோவையும்

கேரளத்தில் ஆனைக்கரை என்னும் பெயருடைய ஊர்கள் இரண்டு உண்டு. ஒன்று பாலக்காடு மாவட்டத்துப் பட்டாம்பி வட்டத்திலும், மற்றொன்று இடுக்கி மாவட்டத்து ஏலமலைப் பகுதியில் உடும்பஞ்சோலை வட்டத்திலும் அமைந்துள்ளன. பல துறைகளின் பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஒன்றிணைக்கும்போது ஊர்ப் பெயரை மட்டும் அடையாளமாகக் கொண்டால், ஓர் ஊருக்குரிய உதவித்தொகை மற்றோர் ஊரின் கணக்கில் ஏறிவிடக்கூடும். கொள்ளிடத்தின் மீதுள்ள அணைக்கரையும் ஆங்கில எழுத்தில் ஏறத்தாழ இவ்வாறே எழுதப்படுவதால், குழப்பம் மாநில எல்லையையும் தாண்டக்கூடும்.

மாவட்டப் பெயரையும் சேர்த்து எழுதினால் போதும் என்று தோன்றலாம். ஆனால் மாவட்டமும் நிலையானதன்று. உடும்பஞ்சோலை வட்டம் 1972 ஜனவரி 26 இல் இடுக்கி மாவட்டம் உருவாகும் வரை கோட்டயத்தைச் சேர்ந்திருந்தது. மற்ற ஆனைக்கரை, 1957 ஜனவரி 1 இல் பாலக்காடு மாவட்டம் அமைவதற்கு முன் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பட்டாம்பி தனி வட்டமானதோ 2013 இல்தான்.

ஆகவே, மாற்ற விதியில் 'இடுக்கி' என்ற நிலையான சொல்லை எழுதுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு பதிவிலும் உள்ள ஊர்க் குறியீட்டையும் தேதியையும் படித்து, விடையை அவ்வப்போது கணிக்கும் கோவையை எழுதவேண்டும். இதுவே இயங்கு கோவை எனப்படும். குறியீடு, மாவட்டம், தொடக்க நாள், முடிவு நாள் ஆகிய நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை அதற்குத் துணை நிற்கும். எல்லை மாறினால் அட்டவணையில் பழைய வரிக்கு முடிவு நாளிட்டுப் புதிய வரியைச் சேர்த்தாற் போதும், நிரலைத் தொடவேண்டியதில்லை. ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவு வழங்கும் குறியீடுகள் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன.

எந்தத் தேதியைக் கோவைக்கு ஊட்டுவது என்பதே கடினமான வினா. பழைய ஆவணத்தைச் சரிபார்ப்பவர் பதிவின் தேதியைக் கொள்ளவேண்டும். 1971, 1981 மக்கள்தொகைக் கணக்குகளை ஒப்பிடுபவரோ இரண்டுக்கும் ஒரே தேதியைக் கொள்ளவேண்டும். இல்லையேல், எல்லை மாறியதால் கோட்டயம் இழந்த மக்களை, வேறிடம் பெயர்ந்தவர்களாகக் கருத நேரிடும்.

பரப்பளவுக்கும் இம்முறை பொருந்தும். 'சென்ட்' எனில் நூறால் வகுத்து ஏக்கராக்கி, 0.4047 ஆல் பெருக்க ஹெக்டேர் கிடைக்கும்; 'ஏக்கர்' எனில் பெருக்கல் மட்டும் போதும். அலகுப் பத்தி வெறுமையாக இருப்பின், கோவை எதையும் ஊகிக்கலாகாது. அப்பதிவைத் தனிப்பட்டியலில் ஒதுக்கிக் கிராம அலுவலரின் விளக்கத்திற்கு அனுப்பவேண்டும்.