சமையற்கட்டு வழியாக வேண்டாம்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ஊர் கிளப்பின் நூறாண்டுக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் குழுவில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட்டால் முகப்பு கெட்டுவிடும், சமையற்கட்டுப் பக்கம் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்களாம்.

சாய்தளத்துக்கு வருமுன், முதலில் சுவர். ஊறல் கண்ட இடத்தில் சிமென்ட் பூசிவிடாதீர்கள். பழைய செங்கல் ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சிமென்ட் அதை உள்ளே அடைத்துவிடும். பிறகு உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள்.

இனி வாசல். படிக்கட்டு இரண்டரை அடி உயரம் என்கிறீர்கள். ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் 30 அடிச் சாய்தளம் வேண்டும், இருபுறமும் கைப்பிடி. கண்ணை உறுத்துவது இந்தக் கைப்பிடிச் சாய்தளம்தான். ஓரடிக்கு இருபதடி என்று வைத்துப் பாருங்கள். 50 அடி நீளத்தில் அது தோட்டத்து நடைபாதையாகவே தெரியும். போர்டிகோவுக்கு முன்னால்தான் புல்வெளி கிடக்கிறதே! பாதைக்குக் கொட்டும் மண் பழைய சுவரைத் தொட வேண்டாம், ஈரம் ஏறும். தனிச் சுவர் எழுப்பி ஒரு சாண் இடைவெளி விட்டு, மேலே மட்டும் பலகைக் கல்லால் இணையுங்கள். பின்னால் எடுக்க நேர்ந்தாலும் பழைய கட்டடத்தில் கீறல் இருக்காது.

உள்ளே பெரிய செலவில்லை. இரட்டைக் கதவில் ஒரு பக்கம் மட்டும் திறக்கிற வழக்கத்தை விட்டாலே தேவையான 90 செ.மீ. பெரும்பாலும் கிடைத்துவிடும். கழிப்பறையை மட்டும் மறந்துவிடாதீர்கள். நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வேண்டும்.

சமையற்கட்டு யோசனைக்கு வருகிறேன். 1832-இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பில் நெடுங்காலம் இந்தியர் உறுப்பினராக முடியவில்லை. இந்தியரும் ஐரோப்பியரும் சேர்ந்து பழக 1873-இல் காஸ்மாபாலிட்டன் கிளப் பிறந்தது. யாரை எந்த வாசலில் விடுவது என்பது கிளப்புகளின் பழைய வியாதி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் (2016) பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களில் அரசு, தனியார் என்று பேதம் பார்ப்பதில்லை.

முகப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களிடம் ஒரு பட்டியல் கேளுங்கள்: முழங்கால் வலியால் வருவதையே நிறுத்திவிட்ட உறுப்பினர்கள் யார் யார்? அதில் சில பெயர்கள், உள்ளே கூடத்தில் மாட்டியிருக்கும் முன்னாள் தலைவர்கள் பலகையிலும் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்