வீட்டுத் தோட்டத்தில் அழகுப் புற்கள்: வளர்க்கலாமா, கூடாதா?

திருவனந்தபுரம் நகரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வீட்டின் முன்புறத்தில் சிறு தோட்டம் அமைப்பது நெடுங்கால வழக்கம். செம்பருத்தியும் வெட்சியும் நந்தியாவட்டையும் நின்ற இடங்களில் இந்நாளில் அயல்நாட்டு அழகுப் புற்களும் இடம்பெற்று வருகின்றன. இவற்றுக்குச் சிறிதளவு நீரே போதும், பூச்சியும் நோயும் அரிதாகவே தாக்கும், கவனிப்பாரின்றியும் தழைக்கும், பஞ்சு போன்ற கதிர்கள் காற்றில் அசைவது கண்ணுக்கு இனிய காட்சியாகும். செடிப்பண்ணைகள் இவற்றை விற்கும்போது எடுத்துக் கூறும் சிறப்புகளும் இவையே.

ஆயினும் இச்சிறப்புகளைச் சற்றே ஊன்றி நோக்குதல் வேண்டும். வறட்சியைத் தாங்குவது, பூச்சிக்கு இரையாகாதது, கவனிப்பின்றி வளர்வது, காற்றில் விதை பரப்புவது ஆகிய நான்கும் களையின் இலக்கணமும் ஆகும். ஆதலின் இப்புற்களை வளர்க்கலாமா என்று ஊர்மக்கள் வினவும்போது, களப்பணியாளரும் ஆசிரியரும் ஒரே சொல்லில் விடை கூறிவிடுதல் தகாது. எந்தப் புல், எந்த இடத்தில், எவ்வகையில் பெருகுவது என்று ஆராய்ந்தே விடை கூற வேண்டும்.

அயல்நாட்டுப் பிறப்பு குற்றமன்று

ஒரு செடி வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதனாலேயே அது தீங்கானதாகிவிடாது. திருவிதாங்கூர் மக்களின் பசியைப் போக்கிய மரவள்ளிக் கிழங்கு தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. 1880 முதல் 1885 வரை அரசாண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் சாகுபடியைப் பெரிதும் ஊக்குவித்தார். 1963-இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் அமைந்துள்ளது. மரவள்ளி தண்டுத் துண்டுகளை நட்டுப் பயிரிடப்படுவது. உழவர் நட்ட இடத்தில் நிற்பது. மதிற்சுவர்களில் படரும் காகிதப்பூவும் அத்தகையதே.

இதற்கு மாறாக, ஒரு நாட்டில் இயல்பாக வாழும் புல் மற்றொரு நாட்டில் பெருந்தொல்லையாவதும் உண்டு. நம் நாட்டில் தருப்பை என வழங்கும் புற்களுள் ஒன்றான இம்பெரேட்டா சிலிண்டிரிகா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து சென்ற சரக்குப் பெட்டிகளில் அடைப்புப் பொருளாக அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தை அடைந்தது. இன்று அந்நாட்டின் தென்பகுதிகளில் அது சட்டப்படி கொடிய களையாகக் கருதப்படுகிறது. அவ்வாறிருக்க, அதன் செந்நிற இலை வகை அழகுப் புல்லாக விற்கப்பட்டும் வந்திருக்கிறது.

2023-இல் வெளியான பன்னாட்டு உயிரினப் பன்மை அறிக்கையின்படி, மனிதச் செயலால் புதிய இடங்களுக்குச் சென்று நிலைகொண்ட உயிரினங்கள் 37,000-க்கும் மேற்பட்டவை. அவற்றுள் தீங்கு விளைப்பவை 3,500-க்கும் மேற்பட்டவை. அதாவது ஏறக்குறைய பத்தில் ஒன்று. எனினும் அந்த ஒன்றால் உலகுக்கு நேர்ந்த இழப்பு 2019-ஆம் ஆண்டில் மட்டும் 42,300 கோடி டாலருக்கு மேல் என மதிப்பிடப்பட்டது. எனவே பத்தில் ஒன்றை முன்னரே இனங்காண்பதே அறிவுடைமை.

வேளி ஏரி கற்பித்த பாடம்

திருவனந்தபுரத்து மக்களுக்கு இதில் நேரடி அனுபவம் உண்டு. ஆப்பிரிக்கப் பாயல் என்று கேரளத்தில் வழங்கும் சால்வினியா என்னும் நீர்ப்பெரணி, 1955-இல் நகரை அடுத்த வேளி ஏரியில் முதன்முதலாகக் காணப்பட்டது. அதன் பெயர் ஆப்பிரிக்காவைச் சுட்டினும் தாயகம் பிரேசில் நாடாகும். அப்பொழுது அது நீரில் மிதக்கும் ஒரு பசுந்தாவரம் மட்டுமே. அதனை அஞ்சுவார் எவருமிலர். 1964-ஆம் ஆண்டளவில் அதுவே பெருங்களையாக மாறியது. கேரளத்தின் காயல்களையும் கால்வாய்களையும் குட்டநாட்டு வயல்களையும் மூடி, படகுப் போக்குவரத்தையும் மீன்பிடிப்பையும் நெற்சாகுபடியையும் முடக்கியது. 1980-களில் அதனை மட்டுமே உண்ணும் சிறு கூன்வண்டு ஒன்றைக் கொணர்ந்து விட்ட பின்னரே கட்டுப்பாடு கைகூடிற்று.

இவ்வரலாற்றில் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, கால இடைவெளி. ஒன்பது ஆண்டுகள் அடங்கியிருந்த ஒரு தாவரம் பின்னரே பெருகிற்று. பத்து ஆண்டுகளாகத் தம் தோட்டத்தில் இருந்தும் பரவவில்லை என்று ஒருவர் கூறுவது முழு உறுதியாகாது. இரண்டாவது, பெருகும் முறை. சால்வினியா மலட்டுத் தாவரம்; முளைக்கும் வித்துகள் அதற்கு உண்டாவதில்லை. ஒடிந்த துண்டுகளாலேயே அது கேரளம் முழுவதும் பரவிற்று.

தரை மூடும் அழகுச் செடியாக நடப்படும் மஞ்சள் பூவுடைய சிங்கப்பூர் டெய்சியும் இவ்வாறே பரவுகிறது. அதன் விதையைக் காட்டிலும், வெட்டி ஓடைக்கரையில் எறியப்படும் கொடித்துண்டுகளே புதிய இடங்களில் கணுதோறும் வேரூன்றுகின்றன. 1809-இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்த உண்ணிச்செடியோ பறவைகள் வாயிலாகப் பரவியது. இன்று இந்தியக் காடுகளில் அது 1,50,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் இருப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

புல்லின் தனி இயல்பு

இவற்றினும் புல்லினத்தில் ஒரு கூடுதல் அபாயம் உண்டு, அது தீ. மரத்தின் வளர்முனை கிளையின் நுனியில் இருப்பது. புல்லின் வளர்முனையோ தரையை ஒட்டி, தூரின் அடியில் பாதுகாப்பாக இருப்பது. ஆதலால் தீப்பட்டு மேற்பகுதி எரிந்தாலும் அடுத்த மழையில் புல் மீண்டும் தளிர்க்கும். அருகிலுள்ள மரக்கன்றுகள் மடியும். மரம் அழிந்த இடத்தில் மேலும் புல் வளரும். அது உலர்ந்து மேலும் தீக்கு இரையாகும். இவ்வாறு புல் தீயையும் தீ புல்லையும் வளர்க்கும் சுழற்சி ஏற்படுகிறது.

இதற்குத் தக்க சான்று ஹவாய்த் தீவுகளில் உள்ளது. ஊற்றுநீர் பீச்சுவது போலக் கதிர் விடுவதால் பவுண்டன் புல் என்று செடிப்பண்ணைகளில் வழங்கும் சென்கிரஸ் செட்டேசியஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு அழகுச் செடியாகக் கொண்டுசெல்லப்பட்டது. பழைய நூல்களில் இதன் பெயர் பென்னிசெட்டம் செட்டேசியம் என்றிருக்கும். மகரந்தச் சேர்க்கையின்றியும் விதை பிடிக்கும் இயல்புடையதாதலால், ஒற்றைத் தூரே ஒரு கூட்டத்தைத் தோற்றுவிக்க வல்லது. விதை மண்ணில் ஆறேழு ஆண்டுகள் உயிருடன் கிடக்கும். ஹவாயின் வறண்ட எரிமலைப் பாறை நிலங்களில் அது பரவி, தீ அரிதாயிருந்த இயற்கைக் காடுகளுக்குள் தீயைக் கொண்டுசென்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் இப்புல்லைத் தடைக்குரிய அயல் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது.

2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா நகரை அழித்து ஏறத்தாழ நூறு உயிர்களைக் கவர்ந்த பெருந்தீக்குக் கடுங்காற்றோடு, கைவிடப்பட்ட தோட்ட நிலங்களில் உலர்ந்து நின்ற அயல்நாட்டுப் புற்களும் இரையூட்டின. அவற்றுள் கினிப்புல் போன்றவை தீவனத்துக்காக வந்தவை. கேரளத்திலும் கினிப்புல் கால்நடைத் தீவனமாகப் பயிரிடப்பட்டு, வேலி கடந்து சாலையோரங்களில் வளர்ந்து நிற்பதைக் காணலாம்.

நகரத்துத் தோட்டமும் மலையும்

திருவனந்தபுரம் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர். பவுண்டன் புல் வறண்ட நாட்டுப் புல். ஆகவே நகரத்து ஈரமண்ணில் அது பெரிதும் பரவாமல் அடங்கி நிற்பதும் கூடும். அவ்வாறு அடங்கி நிற்பதனாலேயே அது தீங்கற்றது எனக் கொள்ளலாகாது.

நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி உள்ளது. அதன் உச்சிகளில் இயற்கைப் புல்வெளியும் மடுக்களில் சோலைக்காடும் அமைந்துள்ளன. அண்மையிலுள்ள வரையாட்டுமொட்டை, தன் பெயருக்கேற்ப, வரையாடுகள் மேயும் இடமாகும். ஜனவரி முதல் மார்ச் வரை மலைப்புல் உலரும் காலம். தீயை அஞ்ச வேண்டிய காலமும் அதுவே. கரமனையாறு மலையிலிருந்து நகரை நோக்கி ஓடுவதால் நகரத்து விதை ஆற்றின் வழியாக மலையேறாது. ஆனால் விதுரை, கல்லாறு வழியாக 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறும் வாகனங்களின் சக்கரச் சேற்றிலும், சுற்றுலா விடுதிகளின் பூந்தொட்டிகளிலும் அது ஏற இயலும்.

மலைக்கு அப்பால் உள்ள நிலம் இன்னும் கருதத்தக்கது. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016-இல் யுனெஸ்கோவின் ஏற்பைப் பெற்றது. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவானது. அதன் கிழக்குச் சரிவு மழை குறைந்தது, கோடையில் வறள்வது. பவுண்டன் புல்லுக்கு ஏற்ற இடம் அதுவே. திருவனந்தபுரத்தில் வாங்கிய தூரைப் பிரித்து நாகர்கோவிலிலும் தென்காசியிலும் உள்ள உறவினருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பது குடும்பங்களில் இயல்பே. தோட்டக்காரர் தம் மண்ணை மட்டும் எண்ணி முடிவு செய்தால் போதாது என்பது இதனால் விளங்கும்.

விதையற்ற வகை என்னும் உறுதிமொழி

செந்நிற இலையுடைய பவுண்டன் புல் வகை பொதுவாக முளைக்கும் விதை தருவதில்லை. ஆதலின் பச்சை இலை வகையைவிட அது தீங்கு குறைந்தது என்பது மெய்யே. ஆயினும் பெயர்ச்சீட்டு மாறிப்போவதும், இனந்தெரியாத விதைப் பொட்டலங்கள் விற்கப்படுவதும் நிகழக்கூடியவை. விதையில்லாச் செடியின் தூரும் குப்பைமேட்டில் எறிந்தால் மீண்டும் வேர்பிடிக்கலாம். சால்வினியாவின் வரலாறு அதையே கூறுகிறது. தென் அமெரிக்கப் பாம்பாஸ் புல்லில் ஒரு பெருங்கதிர் ஒரு லட்சம் விதைகள் வரை தரவல்லது. எனவே அலங்காரத்துக்காக வாங்கிய உலர்ந்த கதிர்களையும் வெளியில் உதறலாகாது.

முடிவு செய்யும் முறை

ஒரு புல்லை நடுவதற்கு முன் நான்கு வினாக்களுக்கு விடை காண வேண்டும்.

1. அதன் தாவரவியற் பெயர் உறுதியாகத் தெரியுமா?
2. அதன் கதிர் விதை பிடிக்குமா? விதையில் காற்றிலோ விலங்கின் உடலிலோ பரவுவதற்கான மயிரும் முள்ளும் உண்டா?
3. தரைக்கடியில் ஓடும் வேர்த்தண்டு உண்டா?
4. வேறு எந்த நாட்டிலேனும் அது தொல்லை தரும் களையாக அறியப்பட்டுள்ளதா?

முதல் வினாவுக்கு விடை இல்லையெனில் அப்புல்லை நடாமல் விடுவதே முறை. பின்னைய மூன்றில் ஒன்றுக்கேனும் ஆம் என்பது விடையாயின், வேறு செடியைத் தேர்ந்தெடுக்குமாறு அறிவுரை கூறலாம். பெயர் தெரியாத புல்லைக் கதிருடன் கிருஷி பவனிலோ, வெள்ளாயணி வேளாண் கல்லூரியிலோ, பாலோட்டிலுள்ள ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டிக் கேட்கலாம். கதிரை மூடிய உறையில் கொண்டுசெல்க.

புல்லின் அழகை விரும்புவோர்க்கு நம்மிடமே நல்ல மாற்று உண்டு. கேரளத்தில் ராமச்சம் எனப்படும் வெட்டிவேர் நேராக நின்று அழகு தரும், மண்ணரிப்பைத் தடுக்கும், தென்னிந்திய வகைகள் முளைக்கும் விதையை அரிதாகவே தருகின்றன. தோட்டங்களில் வளர்க்கப்படும் எலுமிச்சைப்புல்லும் அரிதாகவே பூக்கும். இலை மணமும் பயனும் உடையது.

முன்னரே நட்டிருப்பின் செய்யத்தக்கன

கதிர் விரிந்து விதை முற்றுவதற்கு முன் அதனை அறுத்து உறையில் இடுக. மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது தூரை வேருடன் தோண்டுக. வேரை மேலாக வைத்துச் சிமென்டுத் தளத்தில் வெயிலில் முற்றிலும் உலர்த்துக. ஒழிந்த மனையிலோ தோட்டுக்கரையிலோ எறியற்க. நெருப்பிட்டு அழிக்க முயல்வதும் தவறு. தூர் பிழைப்பதோடு தீ பரவவும் கூடும். அவ்விடத்தை ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் நோக்கி, முளைக்கும் நாற்றுகளைப் பிடுங்குக. பவுண்டன் புல்லாயின் இக்கவனிப்பு ஏழு ஆண்டுகளேனும் தேவை.

களப்பணியாளர், தோட்டத்துக்கு வெளியே இத்தகைய புல்லைக் கண்டால் இடம், நாள், தூர்களின் எண்ணிக்கை, கதிரின் நிலை ஆகியவற்றைக் குறித்து மேலதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். பத்துத் தூர்களை ஒரு பிற்பகலில் தோண்டிவிடலாம்; பத்து ஏக்கரில் பரவிய பின் ஒரு துறையே முயன்றாலும் எளிதன்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம், ஆக்கிரமிப்பு அயல் உயிரினங்களின் இறக்குமதியையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் வழங்கியுள்ளது. எனினும் ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்தையும் சட்டம் சென்று பார்க்க இயலாது. வீட்டாரின் அறிவே அங்குக் காவல்.

பள்ளிகளில் செய்து காட்டுவதற்கு

அ. பள்ளி வளாகத்தில் கிடைக்கும் ஏதேனும் ஒரு புல்லின் கதிரிலுள்ள விதைகளை மாணவர் எண்ணுக. ஒரு தூரிலுள்ள கதிர்களின் எண்ணிக்கையால் அதனைப் பெருக்குக.

ஆ. மழைக்காலத்தில் மாணவரின் காலணி அடிகளிலும் மிதிவண்டிச் சக்கரங்களிலும் ஒட்டிய சேற்றைச் சுரண்டி எடுக்கவும். கொதிநீர் ஊற்றி ஆறவைத்த மணலைத் தட்டில் பரப்பி, அதன்மீது அச்சேற்றை இட்டு ஈரமாக வைக்கவும். நான்கு வாரங்களில் முளைத்த நாற்றுகளை எண்ணி, புல் எத்தனை, பிற செடி எத்தனை எனப் பிரித்து எழுதுக. முடிந்தபின் தட்டில் கொதிநீர் ஊற்றி நாற்றுகளை அழித்தல் ஆசிரியரின் பொறுப்பு.

இ. ஒரு தோட்டத்தின் வேலிக்கு வெளியே 50 அடி தூரம் நடந்து, உள்ளே நட்ட செடிகளுள் எவை வெளியேயும் முளைத்துள்ளன என்று படம் வரைந்து குறிக்கவும். அப்படத்தை அத்தோட்டத்து வீட்டாருக்கும் காட்டுக.