தவக்காலமும் கடவுள் தரும் ஆறுதலும்



"தவக்காலம்னா நாப்பது நாள் கறி, மீன் சாப்பிட மாட்டீங்க, அதுதானே?" என்று நம் வகுப்பில் சிலர் கேட்டார்கள். அது மட்டும் இல்லை. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

தவக்காலம் என்றால் என்ன?

திருநீற்றுப் புதன் அன்று தொடங்கும். போன வருஷத்துக் குருத்தோலையை எரித்து, அந்தச் சாம்பலை நெற்றியில் பூசுவாங்க. அன்றிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாள் வரும். அதில் 6 ஞாயிறைக் கழித்தால் 40. இயேசு பாலைவனத்தில் நோன்பு இருந்ததும் 40 நாள்தான். இதையே லெந்து காலம் என்றும் சொல்வார்கள்.

எலியாவின் கதை

பைபிளில் இன்னொரு 40 நாளும் வருகிறது. எலியா என்று ஓர் இறைவாக்கினர். அரசி ஈசபேல் அவரைக் கொல்வேன் என்று சபதம் போட்டாள். அவர் பாலைவனத்துக்கு ஓடி, ஒரு செடியின் கீழே உட்கார்ந்து, "நான் செத்தால் போதும்" என்ற அளவுக்கு வேண்டினார். அப்படியே தூங்கிட்டார்.

கடவுள் அவரைத் திட்டவில்லை. புத்திமதியும் சொல்லவில்லை. தூதர் வந்து தட்டி எழுப்பினார். தலைமாட்டில் சுட்ட அப்பமும் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். தூதர் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்தார். அந்தப் பலத்தில்தான் எலியா 40 நாள் நடந்து ஓரேபு மலைக்குப் போனார்.

சிலுவைப் பாதை

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் 14 நிலைகளில் சிலுவைப் பாதை செய்வோம். 4-ஆம் நிலையில் இயேசுவை அவர் அம்மா சந்திக்கிறாங்க. 5-இல் சீமோன் சிலுவையைச் சுமக்க உதவுகிறார். 6-இல் வெரோணிக்கா முகத்தைத் துடைக்கிறாங்க. மூன்று பேராலும் அந்தச் சிலுவையை நிறுத்த முடியலை. ஆனாலும் அவர் தனியாக நடக்கவில்லை.

நான் புரிந்துகொண்டது

போன தவக்காலத்தில் எங்கள் ஆத்தா இறந்துட்டாங்க. அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவே இல்லை. "கடவுளே, ஏன் ஒன்றும் செய்யலை?" என்று எனக்குக் கோபமாக வந்தது. பக்கத்து வீட்டு அத்தை கோயிலுக்கு விளக்கு போடுகிறவங்க, சர்ச்சுக்கு வந்ததே இல்லை. அவங்கதான் ரசம் சோறு கொண்டு வந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் பிசைந்து கொடுத்தாங்க. அம்மா அழுதுகிட்டே சாப்பிட்டாங்க. பிறகு எலியா கதையைப் படித்தபோது அந்த அத்தைதான் ஞாபகத்துக்கு வந்தாங்க. ஆத்தா திரும்பி வரவில்லை. ஆனால் மறுநாள் அம்மா எழுந்து அடுப்பு பற்ற வைத்தாங்க. கடவுளின் ஆறுதல் இப்படியும் வரும் என்று நான் நம்புகிறேன்.

நாம் செய்யக்கூடியவை

1. கஷ்டத்தில் இருக்கிறவங்களை "அழாதே" என்று அடக்க வேண்டாம். எலியாவும் புலம்பினவர்தான்.
2. மதியம் சாப்பிடாமல் தனியாக உட்கார்ந்திருக்கும் தோழியைக் கூப்பிட்டு, கூட உட்கார வைப்போம்.
3. நமக்கே மனசு பாரமாக இருந்தால் அம்மாவிடமோ டீச்சரிடமோ சொல்வோம். கடவுளிடம் கோபமாகச் சொன்னாலும் அவர் கேட்பார்.

முழு ஆண்டுத் தேர்வும் நெருங்குகிறது. யாரும் பட்டினியாகப் படிக்காதீங்க. சாப்பிட்டு, தூங்கி, எழுந்து படிங்க!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி