முன்னே வந்தவரின் காவல்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

வீட்டில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு மதுரையிலிருந்து கிளம்பிய வேங்கடராமன், 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். வயது 16. பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் வணங்கியவர் அவர். வந்த புதிதில் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் அமர்ந்திருந்தவர்மீது ஊர்ச் சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். பாதாள லிங்கத்தின் இருட்டுக்குள் போய் அமர்ந்தார். கல் அங்கேயும் வந்தது. அவருக்குக் காவலாக நின்றவர் சேஷாத்ரி சுவாமிகள். 1889-லேயே வீட்டை விட்டு இந்த ஊருக்கு வந்துவிட்டவர். பைத்தியம் என்று ஊர் வாயில் விழுந்தவர். வந்தவருக்கு என்ன நேரும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் அந்த ஒருவரின் காவல் போதவில்லை. ஈரத்தரையில் பூச்சிகள் கடித்துத் தொடையெல்லாம் புண்ணாகிக் கிடந்தவரை, வேறு சிலர் சேர்ந்துதான் தூக்கி வெளியே கொண்டு வந்தார்கள்.

ஞானம் தேடி வந்தவரை, அடிக்கும் உதைக்கும் பயந்து இன்று ஓடி வரும் பிள்ளையோடு நான் ஒப்பிடவில்லை. இந்த ஊர் கண்ணால் பார்த்த இரண்டு உண்மைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதே வழியில் முன்னே வந்தவருக்குத்தான் பின்னே வருபவரின் ஆபத்து முதலில் கண்ணில் படும். அவர் ஒருவரால் மட்டும் அந்த ஆபத்தைத் தடுத்துவிடவும் முடியாது. தோழமைப் பணி என்பதன் சாரம் இந்த இரண்டும்தான்.

வீட்டை விட்டு ஓடியவர், முன்பணத்துக்காகச் சூளையில் கட்டுண்டு கிடந்தவர், பாலியல் சுரண்டலுக்கு ஆளானவர் என்று அடிபட்டு மீண்டவர்கள், பயிற்சி பெற்று, அதே நிலையில் இருக்கும் இளையவர்களுக்குத் துணை நிற்பதே தோழமைப் பணி. அதைப் பற்றியும் அந்தப் பிள்ளைகளைப் பற்றியும் நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகளைத் திருத்தியாக வேண்டும்.

நம்பிக்கை 1: “இது கோயில் ஊர். சோற்றுக்குக் குறைவில்லை. இங்கே வந்த பிள்ளை எப்படியும் பிழைத்துக்கொள்ளும்.”

உண்மை: சோறு கிடைக்கும், அந்தப் புண்ணியத்தை இந்த ஊர் குறைவில்லாமல் செய்கிறது. ஆனால் பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானவர்கள் நடக்கும்போது, தனியாக வந்த பிள்ளை யார் கண்ணுக்கும் தனியாகத் தெரிவதில்லை. முன்னே போகிற குடும்பத்துப் பிள்ளை என்று பின்னே வருகிறவர் நினைத்துக்கொள்கிறார். கூட்டம் பிள்ளையை மறைக்கிறது. பிள்ளையைத் தேடி வருகிற கெட்டவனையும் அதே கூட்டம்தான் மறைக்கிறது.

தோழமைப் பணியாளரின் கண் இங்கேதான் வேறுபடுகிறது. மூன்று நாளாக அதே சட்டை. அன்னதான வரிசையில் பெரியவர் எவரும் இல்லாமல் இரண்டாம் முறை நிற்பது. போலீஸைக் கண்டதும் வளையல் கடைக்குப் பின்னால் ஒதுங்குவது. பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டுத் தான் சாப்பிடாமல் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆள். இவையெல்லாம் ஒரு காலத்தில் அவர் வாழ்ந்த நாட்கள். அதனால்தான் நாம் கடந்து போகும் இடத்தில் அவர் நின்றுவிடுகிறார்.

நம்பிக்கை 2: “ஆபத்தெல்லாம் பெண் பிள்ளைகளுக்குத்தான். பையன் என்றால் பயமில்லை.”

உண்மை: மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அதில் பேசிய குழந்தைகளில் 53 விழுக்காட்டினர், ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டவர்கள் ஆண் பிள்ளைகள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர், குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் அல்லது குழந்தை நம்பிய இடத்தில் இருந்தவர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. 18 வயது நிரம்பாத எல்லோரையும் அது காக்கிறது.

“ஆம்பளப் பையனுக்கு என்ன?” என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும், அதைக் காதில் வாங்கும் ஏதோ ஒரு பையன் வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொள்கிறான். அவன் பெரும்பாலும் முதலில் வாய் திறப்பது, “எனக்கும் நடந்துச்சுடா தம்பி” என்று சொல்லக்கூடிய ஓர் அண்ணனிடம்தான்.

நம்பிக்கை 3: “அவனே சம்மதித்துப் போனான். காசும் வாங்கினான். பிறகு என்ன சுரண்டல்?”

உண்மை: ஆள் கடத்தலைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவும் இதையே சொன்னது. முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவதை 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடை செய்கிறது. அந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டிய கடமையையும் அது இல்லாமல் ஆக்கிவிட்டது.

இந்த மாவட்டத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. மழை பொய்த்தால் மேஸ்திரி முன்பணத்தோடு வருகிறார். குடும்பமே செங்கல் சூளைக்குப் போகிறது. கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்று சொல்லி, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பெண் பிள்ளைகளை நூற்பாலைக்கு அழைத்துப் போனதை எத்தனையோ கிராமங்கள் அறியும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லப்பட்ட தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தவர். செம்மரம் வெட்ட ஆள் சேர்ப்பவர் காட்டுக்குள் கால் வைப்பதில்லை; ஜவ்வாது மலையில் வேலையில்லாமல் நிற்கும் இளைஞன்தான் போகிறான். பசியில் சொன்ன “சரி”யைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள நமக்கு மனம் வரலாமா?

சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் இடங்களிலிருந்து மீட்கப்பட்டவர்கள் வட தமிழக மாவட்டங்களில் சங்கமாகச் சேர்ந்து, புதிதாக மீட்கப்படும் குடும்பங்களுக்கு இன்று துணை நிற்கிறார்கள். விடுதலைச் சான்றிதழை எந்த அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும், அது கைக்கு வராமல் ஏன் ஊர் திரும்பக் கூடாது என்பதை, அலைந்து வாங்கியவரைவிட யார் தெளிவாகச் சொல்லிவிட முடியும்?

நம்பிக்கை 4: “பட்டவருக்குத்தான் தெரியும். பட்ட அனுபவமே இந்த வேலைக்குப் போதும்.”

உண்மை: முதல் பாதி சரி, இரண்டாம் பாதி ஆபத்து. குணமானவரையே துணைக்கு வைக்கும் முறை பழையது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாரிஸின் பிசெத்ர் மருத்துவமனையில் நோயாளியாக இருந்து பிறகு அதன் மனநோயாளர் பிரிவின் கண்காணிப்பாளரான புசென், குணமடைந்தவர்களையே பணியாளர்களாக வைத்துக்கொண்டார். 1992-இல் கொல்கத்தாவின் சோனாகாச்சியில் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா எச்.ஐ.வி. தடுப்புப் பணியைத் தொடங்கியபோது, பாலியல் தொழிலாளர்களையே பயிற்றுவித்துக் களத்தில் இறக்கினார். இரண்டு இடத்திலும் வெறும் அனுபவத்தை நம்பி ஆளை அனுப்பிவிடவில்லை. பொறுப்பைச் சொல்லிக் கொடுத்தார்கள்; வேலை செய்தவருக்குப் பின்னால் ஓர் அமைப்பு நின்றது.

தன் காயம் ஆறாதவர் அடுத்தவரின் காயத்தைத் தொட்டால் இருவருக்கும் வலிக்கும். எதிரே இருக்கும் பிள்ளையின் கதையில் தன் கதையைக் கண்டு, “நான் செய்ததையே நீயும் செய்” என்று சொல்லத் தோன்றும். அந்தப் பிள்ளையின் வழி வேறாக இருக்கலாம். ஆகவே தோழமைப் பணியாளருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். கேட்கப் பயிற்சி வேண்டும். எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு மனநல மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ ஒப்படைப்பது என்பது தெரிய வேண்டும். வாரத்துக்கு ஒரு முறையாவது தன் பாரத்தை இறக்கி வைக்க அவருக்கும் ஒரு மூத்தவர் வேண்டும்.

நம்பிக்கை 5: “நம்பிச் சொன்ன ரகசியம். உயிரே போனாலும் வெளியே சொல்லக் கூடாது.”

உண்மை: இந்தப் பணியில் ஆகக் கடினமான இடம் இது. “அண்ணா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு” என்று பிள்ளை கையை நீட்டும். அந்தக் கையில் அடிக்க நமக்கு உரிமை இல்லை. 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், தெரிந்த எவரும் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது போக்சோவின் 19-ஆம் பிரிவு. சொல்லாமல் மறைத்தால் 6 மாதம் வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்குப் போட முடியாது.

அப்படியென்றால் நம்பிக்கை உடைந்துவிடாதா? சத்தியம் செய்துவிட்டுப் பிறகு போய்ச் சொன்னால் உடையும். அதனால் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்: “நீ சொல்றத ஊருக்குச் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, உன்னக் காப்பாத்த வேண்டியவங்ககிட்ட சொல்லுவேன். யார்கிட்ட, எப்ப சொல்றேன்னு உனக்கு மொதல்ல சொல்லிடுவேன். நீ போற இடத்துக்கெல்லாம் கூட வருவேன்.” இதைக் கேட்டு ஒரு பிள்ளை அன்று பேசாமல் போகலாம். மறுநாள் திரும்பி வருவதற்கு அந்த நேர்மையே காரணமாகவும் ஆகலாம். பெரியவர்கள் சொல்லும் பொய்யைக் கேட்டே பழகிய பிள்ளைக்கு, முதன்முதலாக ஒருவர் தன் எல்லையைச் சொல்லிவிட்டுப் பேசுவது சின்ன விஷயமல்ல.

நம்பிக்கை 6: “கிடைத்த பிள்ளையை உடனே வீட்டில் கொண்டுபோய் விடு. இல்லையென்றால் தெரிந்த ஏதாவது ஓர் இல்லத்தில் சேர்த்துவிடு.”

உண்மை: இரண்டுமே தவறு. எதற்குப் பயந்து ஓடி வந்ததோ, அது வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். 2015-இன் சிறார் நீதிச் சட்டப்படி, பராமரிப்பு தேவைப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு அது. வீட்டுச் சூழலை விசாரித்து, பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டு அது முடிவெடுக்கும். பதிவில்லாத இல்லம் நடத்துவது குற்றம். “நல்ல மனிதர், பத்துப் பிள்ளைகளை வைத்து வளர்க்கிறார்” என்பது சான்றிதழ் ஆகாது. தோழமைப் பணியாளர் தன் வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொள்வதும் கூடாது. மனசு கேட்காதுதான், ஆனாலும் கூடாது.

போன இடத்திலெல்லாம் பிள்ளையைக் கதை சொல்ல வைப்பதும் நிற்க வேண்டும். சொன்னால் பாரம் குறையும் என்று நினைக்கிறோம். ஒவ்வொரு மேசைக்கும் முதலிலிருந்து சொல்லும் பிள்ளை, ஒவ்வொரு முறையும் அது நடந்த அறைக்குள் திரும்பப் போய் வருகிறது. வாக்குமூலம் வாங்கும் போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, நீதிமன்றத்துக்குக் குழந்தையைத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது, அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று போக்சோ சட்டம் சொல்வது இதற்காகத்தான். நன்கொடைக் கூட்டத்தில் மேடையேற்றி, மைக் கொடுத்துப் பிள்ளையை அழவைப்பவர்களும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை 7: “இது சேவை. சம்பளம் கேட்டால் புண்ணியம் போய்விடும்.”

உண்மை: சிறுவயதில் கூலி இல்லாமல் வேலை வாங்கப்பட்ட ஒருவரிடம், வளர்ந்த பிறகும் கூலி இல்லாமல் வேலை வாங்குவதற்குச் சேவை என்று பெயர் வைக்கக் கூடாது. போக்சோ வழக்குகளில் குழந்தைக்குத் துணையாக நியமிக்கப்படும் ஆதரவு நபருக்கு, பயிற்சி பெற்ற தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் தர வேண்டும் என்று 2020-இன் விதிகள் சொல்கின்றன. அந்தப் பணியின் முக்கியத்துவத்தை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. ஆதரவு நபருக்கான தகுதிகள் வேறு. தோழமைப் பணியாளர் வேறு. ஆனால் நியாயம் ஒன்றுதான். சம்பளம், அடையாள அட்டை, வார விடுமுறை, “இன்று என்னால் முடியவில்லை” என்று சொல்லும் உரிமை ஆகிய நான்கும் இல்லாத இடத்தில் நல்ல பணியாளர் நிலைக்க மாட்டார். அவர் பாதியில் விட்டுப் போனால், இன்னொரு பெரியவரும் கைவிட்டுவிட்டார் என்றுதான் பிள்ளை எண்ணும்.

நம் பங்கு என்ன? அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் போகும்போது, குபேர லிங்கத்தின் பக்கத்திலோ பேருந்து நிலையத்திலோ தனியாக நிற்கும் பிள்ளை கண்ணில் பட்டால், கூட்டிக்கொண்டு போக வேண்டாம். கேள்வி மேல் கேள்வி கேட்க வேண்டாம். படம் எடுக்கவே வேண்டாம். 1098 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். ஆள் வரும்வரை பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருங்கள். சாலையில் காத்திருக்கும் அந்த அரை மணி நேரம் உங்கள் கிரிவலத்துக்கு எந்தக் குறையும் வைக்காது.

சேஷாத்ரி சுவாமிகள் அன்று காவல் நின்றார். ஆனாலும் கல் வந்துகொண்டே இருந்தது. எறிந்தது இந்த ஊர்ப் பிள்ளைகள். தூக்கி வெளியே கொண்டு வந்தவர்களும் இந்த ஊரில் இருந்தவர்கள்தான். இன்றும் முன்னே வந்த ஓர் அண்ணனோ அக்காவோ எங்கோ ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கூப்பிடும்போது போலீஸ்காரரும் வாத்தியாரும் டீக்கடைக்காரரும் கிரிவலம் வந்தவரும் எழுந்து வந்தால்தான், அந்தப் பிள்ளையைத் தூக்கக் கைகள் போதும்.